மேசைப் பக்கம்

கூர்ப்பிப்பில் தகரக் கூரைமேல் மழை இறங்கினால்
விசிலைக்கூடக் காதால் அறிய முடியாது,
ஊதுபவர் கன்னம் உப்புவதைப் பார்க்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்,
ஈரக் காலணி நாறும் சாமான் அறையில்,
தோரியான் தன் உள்ளங்கையில் பேனாவால் கோடு கிழித்தாள்.
இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி எனக்கு.
பந்து யார் பாதியில் இருக்கிறதோ
அவர் பந்தைப் பார்க்கட்டும்.
மற்றவருக்கு மேசை.
ஓய்வு கேட்டால் ஹாரன் அடிப்பார்கள்,
கேட்காவிட்டாலும் கை உயரும்.
அவ்வளவுதான் என்றாள்.
அவ்வளவுதான் என்றேன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு
ஒரே வீட்டில் இரண்டு பேர் இருப்பது போலத்தான் அது.
ஒருத்தி மட்டும் இருந்தால் பால் பொங்காது.

பதினெட்டு வினாடி.
அறுபதுக்கு ஐம்பத்தொன்பது, சிவப்பு முன்னே.
நீலத்தின் நெட்டைப் பெண் மூலையிலிருந்து எறிகிறாள்.
தோரியான் அவள் பாதங்களைப் பார்க்கிறாள்,
கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று.
நான் வளையத்தைப் பார்க்கிறேன்.
வலை ஈரத்துணிபோல் ஒருமுறை உதறிக்கொள்கிறது.
இரண்டு புள்ளி.
கடிகாரம் நிற்கிறது.

இந்த இடைவெளியில்தான் சிவப்பு ஓய்வு கேட்கலாம்.
எறிபவள் கைக்குப் பந்து போகும்வரை
திறந்திருக்கும் கதவு.
பந்தோ உருண்டு சுவரோரம் போய்விட்டது.
நல்லவளாட்டம் நானே ஓடி எடுத்து
அவள் கையில் வைத்தேன்.

மேசையில் கெர்ஸ்லி எழுந்து நின்றிருக்கிறான்.
ஒரு கை விரல்களின்மேல் மறு உள்ளங்கையைக் கூரையாக வைத்தபடி.
ஹாரனை மழை குடித்துவிட்டது.
எறிந்த பந்தை நீலம் பறித்தது.
அப்புறம் பதினெட்டு வினாடி என்பது
வெறும் ஓட்டம்.

பயிற்சியாளர் வந்தார்.
அவர் அட்டையில் ஆர்மூகம் என்றிருக்கும்,
எந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தரோ
காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஆறுமுகம்.
பன்னிரு கண்ணுள்ளவன் பெயர்.
கத்தவில்லை.
நாலு கண் இருந்துமா என்றார்.
பிறகு, உங்களில் யார் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

என் சுட்டுவிரல்
தோரியான் பக்கமாகப் பாதி எழுந்துவிட்டது.
எழுந்ததை மறைக்க
விசில் கயிற்றைச் சரிசெய்துகொண்டேன்.
அவள் அதைப் பார்த்தாள்.
மேசையைப் பார்க்காதவள் இதைப் பார்த்தாள்.

நூ, என்றாள் அவள்.
கிரியோலில் அது ஒரே சொல்,
யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது
என்றெல்லாம் சொல்லாது.
அறிக்கையின் பிரெஞ்சும் சொல்லவில்லை.
நான்தான் கையொப்பமிடும்போது
மனசுக்குள் மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் வகுப்பில் அதுதான் பாடம்:
கேட்பவரையும் சேர்த்தால் நாம்,
விட்டுவிட்டால் நாங்கள்.
தேவினா கை தூக்கினாள்.
தப்பு செஞ்சது ஒருத்தர் மட்டும்னா, மிஸ்?
மணி அடித்தது.
அந்த மணியை யார் கொடுத்தார்களோ
அவர்களுக்கு நன்றி.

ஆறுமுகத்திடம் நாம் என்று சொல்லியிருக்க முடியாது,
அவரையும் குற்றத்துக்குள் இழுத்ததாகிவிடும்.
நாங்கள் பார்க்கவில்லை.
எழுதும்போது சரியாகத்தான் இருக்கிறது.
நாங்கள் என்பதற்குள்ளே
ஒரு விரல் இன்னும் பாதி உயர்ந்து நிற்பது
இலக்கணத்தில் வராது.

ரோஸ் ஹில் பஸ்ஸில் தோரியான்
உள்ளங்கைக் கோட்டை எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
மை போகவில்லை.
ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.
நான் நன்றி சொல்லவில்லை,
சொன்னால் எதற்கு என்று கேட்பாள்.

அடுத்த சனிக்கிழமை மாயேபூர்.
வெயில். ஹாரன் நாய்களையே எழுப்பியது.
நாற்பது நிமிடமும்
யாரும் ஓய்வே கேட்கவில்லை.
இருவரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
பந்தைக் கையில் அணைத்தபடி எட்டாம் எண் பெண்
நாலு அடி நடந்தே போனாள்,
கடைத்தெருவில் பப்பாளி வாங்கிப் போவதுபோல.